கத்திரிப்பூ நிறத்தில் ஒரு படர்தாமரை

எனக்குப் பூஞ்சை வேண்டியிருந்தது. ரொட்டியில் பூக்கிற பூஞ்சை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலையில் வட்டவட்டமாக முடியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்குமே, அந்தப் படர்தாமரைப் பூஞ்சை. அதை உயிரோடு பிடித்து வந்து, கண்ணாடித் தட்டில் வளர்த்து, நம் ஊர் மூலிகைச் சாறுகளில் எது அதைச் சாகடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. கல்யாணத் தரகர் வந்து "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டபோது அம்மா இதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்த மனுஷன் எங்கள் தெருப் பக்கமே தலை காட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவுக்கு நான் மசாலா தோசை வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். காலையில் கல்லூரிக்கு பஸ் பிடிக்க நான் நிற்கும்போது, ரயிலை விட்டு இறங்கித் தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஓடுகிற கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போகும். நான் அத்தனை பேர் உச்சந்தலையையும் பார்ப்பேன். பெரியவர்களுக்கு அது அவ்வளவாக வராது என்று பாடத்தில் படித்திருந்தும் பார்ப்பேன். ஒருமுறை ஒரு பெரியவர் திரும்பி, "இன்னாம்மா, ஏதாவது ஒட்டிக்கினு இருக்குதா?" என்று தலையைத் தட்டிக்கொண்டே கேட்டார். இல்லை சார் என்றேன். என் குரலில் இருந்த வருத்தம் அவருக்கு விளங்கியிருக்க வாய்ப்பில்லை.

என் நெறியாளர் மேடம் ரொம்ப நல்லவர், ஆனால் சிரிக்க மாட்டார். முதல் வருஷம் முழுக்க நான் வெறுங்கையோடு சுற்றியதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தீபாவளிக்கு முன்னாடி உன் வேலைய பாக்க கமிட்டி கூடுது. அதுக்குள்ள உன் கையில ஒரு ஃபங்கஸ் உயிரோட இருக்கணும். இல்லன்னா டாபிக்க மாத்திடலாம். கால்வாய்த் தண்ணியில பாக்டீரியா. அது எவ்ளோ வேணும்னாலும் கிடைக்கும்." என் சீனியர் ஒருத்தி கால்வாய்த் தண்ணீரைத்தான் வருஷக்கணக்காகப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தாள். மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் எலுமிச்சை சாதத்திலேயே கால்வாய் வாசனை அடிக்கும்.

ஒருவழியாக, எஸ்டேட்டை ஒட்டின ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் அனுமதி கிடைத்தது. கல்லூரிச் சம்மதம், பள்ளிச் சம்மதம், பெற்றோர் கையெழுத்து எல்லாம் முடிந்தது. தலைமையாசிரியை உற்சாகமான மனுஷி. "வெள்ளிக்கிழம தலை பாக்க டாக்டர் மேடம் வராங்க" என்று பிரேயரில் மைக் போட்டு அறிவித்துவிட்டார். நான் டாக்டர் இல்லைங்க, அந்தப் பட்டத்துக்குத்தான் இந்தப் பாடு என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வகுப்புக்குள் காலை வைத்தேன். ஒவ்வொரு தலையும் பளபளத்தது. தேங்காய் எண்ணெய் நெற்றி வழியாக இறங்கிப் புருவத்தில் தேங்கி நின்றது. பாதித் தலைகளில் மஞ்சள். இன்னும் சில வீடுகளில் வேப்பிலையை அரைத்துப் பூசி, சீயக்காய் போட்டு அலசி, அதற்கு மேல் கற்பூரம் போட்டுக் காய்ச்சின எண்ணெயைக் கவிழ்த்திருந்தார்கள். டாக்டர் வந்து தலையைப் பார்க்கிறபோது பிள்ளை அழுக்காக இருந்தால் யாருக்கு மரியாதைக் குறைவு? விடியற்காலையில் எழுந்து, ஷிப்டுக்கு ஓடுவதற்கு முன்னால், அந்தத் தாய்மார்கள் எல்லாரும் சேர்ந்து என் பூஞ்சையை ஒழித்துக் கட்டிவிட்டார்கள்.

எனக்கோ விஷயம் உடனே உறைக்கவில்லை. பையிலிருந்து புது டூத் பிரஷ்களை எடுத்தேன். கிருமி நீக்கின பிரஷ்ஷால் தலையில் லேசாகத் தேய்த்தால் செதில் அதில் ஒட்டும். அதை, பூஞ்சைக்குத் தீனியான கூழ் ஊற்றின தட்டில் ஒற்றி எடுத்தால் கொஞ்ச நாளில் பூஞ்சை முளைக்கும். எங்கள் முறை அப்படி. பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியுமா? "மிஸ் தலைக்குப் பல்லு வெளக்குறாங்க டோய்" என்று ஒரு குரல் கிளம்பியது, அவ்வளவுதான். வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்து வகுப்பு ஜன்னலில் வந்து தொற்றிக்கொண்டது. நானும் சிரித்துக்கொண்டே தேய்த்தேன். பிரஷ் ஒவ்வொரு தலையிலும் வழுக்கிக்கொண்டு போனது. முடித்து வெளியே வரும்போது என் துப்பட்டா, பை, பஸ் டிக்கெட் எல்லாவற்றிலும் எண்ணெய்.

தட்டுகள் வாரக்கணக்கில் அப்படியே இருந்தன. ஒன்றும் முளைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான தட்டுகளை நான் அதுவரை பார்த்ததில்லை. மேடம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கால்வாய்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்ததும், யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். தலைமையாசிரியைக்கு முகமே சரியில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா பசங்கள நீட்டா வர சொல்லியிருப்பேனே மேடம்." அதற்காகத்தான் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? இந்தப் பக்கமாக வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டு நாலாம் வகுப்பில் நுழைந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மின்விசிறி பேருக்குச் சுற்றுகிறது, இவள் தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லாய். போன முறை இவளை நான் பார்க்கவில்லையே என்று கேட்டதற்கு, அன்றைக்கு அம்மா இவளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள் என்று டீச்சர் சொன்னார். காட்டவே கூடாத தலையாம். "அவள விட்டுடுங்க மேடம். குல்லாவ கழட்ட மாட்டா. பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க, அதுல வேற அவளுக்குக் கோவம்."

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சு சின்னது, என் முட்டி மேஜையில் இடித்தது.

"குல்லாவுக்குள்ள இருக்கறது எனக்கு வேணும்" என்றேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது வேணுமா? எல்லாரும் அத வேணாம்னுதான் மிஸ் சொல்றாங்க."

"எனக்கு வேணும். ஒரு வருஷமா தேடிக்கினு இருக்கேன்."

"எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க?"

"வளப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வந்தது. "எங்க ஊட்ல அத சாவடிக்கப் பாக்குறாங்க. நீங்க இன்னான்னா வளக்கறேன்றீங்க."

"வளத்துட்டு நானும் சாவடிப்பேன்" என்றேன். இது அவளுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். குல்லாயைக் கழற்றினாள்.

உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், பழைய ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிய வட்டம். சாம்பல் செதில். முடி உடைந்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். எண்ணெய்ப் பசை துளிக்கூட இல்லை, ஏனென்றால் அந்த இடத்தைத் தொடவே அவள் விடுவதில்லை. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற படம் மாதிரியே அவ்வளவு சுத்தமான படர்தாமரை. பிரஷ்ஷால் தேய்த்து, மழுங்கின கத்தியால் கொஞ்சம் சுரண்டி, கறுப்புத் தாளில் பொட்டலம் கட்டினேன். கறுப்பில்தான் வெள்ளைச் செதில் கண்ணுக்குத் தெரியும். அவள் பொட்டலத்தை வாங்கிப் பார்த்து, "பத்திரமா எடுத்துக்கினு போங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் உடனே காட்டி மாத்திரை வாங்கும்படி சொல்லி அனுப்பினேன். அந்தச் சேதி ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போனது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் காலையில் தட்டில் கடுகளவு ஒரு மேடு. மறுநாள் அது மிளகு. நான் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்ப் பார்ப்பேன், கை கழுவப் போகிற வழியில் பார்ப்பேன், வீட்டுக்குப் புறப்பட்டுப் படியிறங்கினவள் திரும்பி ஏறி வந்து பார்ப்பேன். அது மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, மெழுகு பூசின மாதிரி பளபளத்து, நிறம் ஏறியது. கத்திரிப்பூ நிறம். நல்ல ஊதா. ஒரு நோய்க்கு இவ்வளவு அழகு எதற்கு என்று எனக்குக் கோபமே வந்தது. எங்கள் லேபில் உதவியாளராக இருக்கிற அக்கா எட்டிப் பார்த்து, "இந்தக் கலர்ல ஒரு பட்டுப்பொடவ இருந்தா எடுத்துடலாம் பாப்பா" என்றார். மேடத்தைக் கூப்பிட்டேன். வந்தார், குனிந்தார், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சிரித்தார். அவருக்கு ஒரு தெத்துப்பல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கல்லூரிக்கே தெரியும்.

அடுத்த வேலையே போனில் படம் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு ஓடியதுதான். குல்லாய்க்காரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது என்னுதா மிஸ்?"

"உன்னுதேதான்."

"என் தலையில இந்தக் கலர்லயா இருக்குது?"

"தலையில வெளியில தெரியாது. நல்லா சோறு போட்டா இப்படி வளரும்."

அவ்வளவுதான், அவளைப் பிடிக்க முடியவில்லை. கடைசி பெஞ்சைச் சுற்றி வகுப்பே கூடிவிட்டது. அவள் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, யார் யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்ய ஆரம்பித்தாள். அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ரொம்ப நேரம் காட்டவில்லை. கடைசியில் போனால் போகிறது என்று காட்டினாள். "எனக்கும் எடுங்க மிஸ்", "எனக்கும் தலை அரிக்குது மிஸ்" என்று ஆளாளுக்குத் தலையை நீட்டினார்கள். இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதில் ஒருத்தி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

பூஞ்சை வந்தாகிவிட்டது, இனி இலை. வேப்பிலை, குப்பைமேனி, பூவரசு, சீமை அகத்தி. சீமை அகத்தி எங்கள் பக்கம் ஒரு இரும்புக் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் புதர் புதராக நிற்கும், மஞ்சள் பூ நேராக நிமிர்ந்து பூத்திருக்கும். பறிக்கப் போனால் வாட்ச்மேன் வந்து, "இன்னா மேடம், கம்பெனித் தழைய எங்க எடுத்துக்கினு போறீங்க?" என்று கணக்குக் கேட்டார். படர்தாமரைக்கு என்றேன். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, தனக்கு இடுப்பில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். எனக்குத் தலை மட்டும்தான் சார் என்று சொல்லித் தப்பித்தேன். இலை மேல் இரும்புத் தூசி படிந்திருந்ததால் ஆறேழு முறை அலச வேண்டியிருந்தது. கல்லூரி மிக்ஸி புகை விட்டுப் படுத்துவிட்டதால் வீட்டு மிக்ஸியில் அரைத்தேன். சட்னியில் குப்பைமேனி வாசனை வருகிறது என்று அப்பா நாஷ்டாவை வெளியில் முடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அம்மா எனக்கென்று தனி ஜார் வாங்கி வந்து, அதில் சிவப்பு பெயின்டால் பெருக்கல் குறி போட்டு வைத்தாள்.

பூஞ்சையைத் தட்டு முழுக்கப் பரப்பி, இடையிடையே சின்னக் குழி குத்தி, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு சாற்றை விட வேண்டும். எந்தச் சாறு பூஞ்சையை அடக்குகிறதோ, அந்தக் குழியைச் சுற்றி ஒன்றும் வளராமல் வெற்று வட்டம் விழும். பார்த்தேன். குப்பைமேனியைச் சுற்றிப் பூஞ்சை சாவகாசமாக வளர்ந்திருந்தது. வேப்பிலையைச் சுற்றிக் கொஞ்சம் தயங்கியிருந்தது. சீமை அகத்தியைச் சுற்றி, கண்ணாடி தெரிகிற மாதிரி, துப்புரவாக ஒரு வட்டம். நான் லேபில் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். அக்காவைப் பிடித்துச் சுற்றியதில் அவர் கையிலிருந்த துடைப்பம் போய் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. மேடம் மட்டும் கதவோரம் நின்று, "ஒரு தடவ வந்தா அத ரிசல்ட்னு சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப அதே மாதிரி வரணும். பூஞ்சைய பத்திரமா வெச்சுக்கோ" என்றார்.

நல்ல சேதியை அடக்கி வைக்க எனக்குத் தெரியாது. மறுநாளே போய்க் குல்லாய்க்காரியிடம் சொன்னேன். அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். அதன் பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது.

அவள் அம்மா எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்தார். மாத்திரை வாங்கினார்களா என்று கேட்க ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லைன் வீடு. வாசலில் அம்மிக்கல். அம்மியில் பச்சையாக ஒரு விழுது. வாசனையிலேயே தெரிந்துவிட்டது, சீமை அகத்தி.

"நீங்கதான மேடம் இந்த எலையில சாவுதுன்னு சொன்னீங்க?" என்றார் அவர் சந்தோஷமாக.

"தட்டுல செத்துதுக்கா."

"தட்டுல செத்தது தலையில சாவாதா?"

"தலையில அது முடி வேருக்குள்ள பூந்துக்கினு இருக்கு. மேல தடவுறது அங்க போவாது. மாத்திர போட்டாத்தான் உள்ளருந்து போயி வேரப் புடிக்கும்."

அவர் அம்மியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க இன்னாத்துக்கு மேடம் இத்தினி நாளா எலைய அரைச்சிக்கினு இருக்கீங்க?"

அம்மிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தேன். பிறகு, "என்னிக்காவது இத ஒரு மருந்தா ஆக்க முடியுமான்னு பாக்கறேன்க்கா. அது நாளாவும். உங்க பொண்ணு அதுவரைக்கும் குல்லாவோட உக்காந்துக்கினு இருக்கணுமா?" என்றேன்.

அவர் மனம் இளகியது தெரிந்தது. ஆனால் பெரியபாளையத்து அம்மனுக்கு ஏற்கெனவே வேண்டிக்கொண்டுவிட்டார். ஆடியில் பெண்ணுக்கு மொட்டை போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. மொட்டை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உள்ளேயிருந்து குல்லாய்க்காரி, "நான் மாட்டேன்" என்று ஒரு குரல் கொடுத்தாள். மொட்டை அடித்தாலும் வேருக்குள் இருப்பது போகாது என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அவர் விழுதைக் கையால் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே யோசித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், "அப்ப மொட்டைய நான் போட்டுக்கறேன். ஆத்தாவுக்கு முடிதான கணக்கு. யாரு முடியா இருந்தா இன்னா?"

அப்படியே செய்தார். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போய்ச் சந்தனம் பூசின மொட்டையோடு திரும்பினார். அடுத்த நாள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஓ.பி. வரிசையில் சிவப்புக் குல்லாய் அம்மா தலையில் இருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாருக்கும்மா தலையில பிரச்சினை?" என்று கேட்க, நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினார். மாத்திரை வாங்கினோம். மாத்திரை போட்டால் அவள் தலையிலிருந்து அது போய்விடும். போகட்டும், எனக்குத்தான் தட்டில் இருக்கிறதே என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

தட்டிலும் இல்லாமல் போனது. அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது?

எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. ஆய்வுக் குழு என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, தொட்டியில் பூச்செடி, படிக்கட்டுக்குக் கோலம். அன்றைக்கு நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து லேபைத் திறந்தால் மினுமினுக்கிறது. என் அலமாரியில் தட்டுகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்து, அடுக்கடுக்காக, பளிங்கு மாதிரி. பத்திரத்துக்கு அதே பூஞ்சையைத் தனியாக வளர்த்து வைத்திருந்த சோதனைக் குழாய்களும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

"உன் தட்டெல்லாம் பூசணம் புடிச்சிப் போயிருந்திச்சி பாப்பா. வர்றவங்க பாத்தா உன்னத்தான தப்பா நெனப்பாங்க? ஒண்ணு விடாம ஆட்டோகிளேவ் ஆவியில வேகப் போட்டு, தேச்சி கழுவிட்டேன்."

"அக்கா, நீங்கதானே பட்டுப்புடவக் கலர்னு சொன்னீங்க?"

"அதுக்குன்னு வெளியாளுங்க வரும்போது ஊட்ட அப்படியே வெச்சிருப்பாங்களா?"

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கண் முன்னால் எண்ணெய் வழிகிற அந்தத் தலைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பிள்ளையைப் பார்க்க வருகிறார்களா, மஞ்சள் பூசு. லேபைப் பார்க்க வருகிறார்களா, தட்டைக் கழுவு. அழுக்கைப் பார்க்கவே ஒருத்தி வருகிறாள் என்பது இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்? எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்திருப்பாள். நானும்கூட, யாராவது வீட்டுக்கு வந்தால், முதலில் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட ஜாரைத்தான் ஒளித்து வைப்பேன். கத்தப் போனவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, அக்கா பயந்துபோய் எனக்கு டீ வாங்கி வந்தார்.

மேடத்திடம் சொன்னேன். "தீபாவளி" என்றார். கால்வாய் என்று சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. அவள் தலை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் மனசு போன போக்கைச் சொல்ல எனக்கே வெட்கம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருப்பாளா? ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருந்தால்? ஓரத்தில் துளியாவது மிச்சம் இருக்காதா? அடுத்த நிமிஷமே, சீ, அந்தக் குழந்தை தலை குணமாக வேண்டாமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இரண்டையும் ஒன்றாக வேண்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன்.

கடைசி பெஞ்சு காலி. அவள் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள், தள்ளி உட்கார்ந்த அந்தப் பெண்ணோடு தோள் இடிக்க. குல்லாய் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். என் கையில் இருந்த பிரஷ்ஷையும் கறுப்புத் தாளையும் பார்த்தாள். மெதுவாக வந்து, தலையைக் குனிந்து காட்டினாள்.

வட்டம் இருந்த இடத்தில் செதில் இல்லை, கறுப்புப் புள்ளி இல்லை. புதுசாக முளைத்த முடி, குட்டையாக, அடர்த்தியாக, நட்டுக்கொண்டு நின்றது. விரலால் தடவினேன். மெத்துமெத்தென்று இருந்தது.

"என்னுது போயிடுச்சி மிஸ்" என்றாள் குனிந்தபடியே. கொடுத்து வைத்த பொருளைத் தொலைத்துவிட்டவள் குரல். "அம்மா டெய்லி கரெக்டா மாத்திர குடுத்துடுச்சி. நான் இன்னா பண்றது?"

நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். என் ஆராய்ச்சி போனது, கால்வாய் வந்தது, எல்லாம் தெரிந்தும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பைத்தியம் மாதிரி அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தேன். ஆராய்ச்சியாளர் யாரும் செய்யக் கூடாத காரியம். அவள் என் பிடியிலிருந்து நெளிந்து வெளியே வந்து, ரகசியம் சொல்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"மிஸ், எங்க சித்தி பொண்ணு பெரியபாளையத்துல இருக்குது. அதுக்கு ரெண்டு இடத்துல இருக்குது. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் ஆயுத பூஜைக்குப் போனப்பவே சொல்லி வெச்சிட்டேன். மிஸ் வந்து எடுத்துக்கினு போற வரைக்கும் தலைக்கு எண்ண வெக்காத, மஞ்ச தடவாதன்னு."

பெரியபாளையத்துக்கு அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த வாரமே போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த சித்தி அலுத்துப்போய்ப் பேஜாராகி இருந்தார். "இவ பேச்சக் கேட்டு அது எண்ணையே வெக்க மாட்டேங்குது மேடம், தலை தொடப்பக்கட்ட மாதிரி ஆயிடுச்சி." அப்படித்தான் இருந்தது. பரட்டையாக, வறண்டு, சாமந்திப் பூக்கூடைக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பெண் தன் இரண்டு வட்டங்களையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தியிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கி, முதலில் செதில் எடுத்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். குல்லாய்க்காரியின் அம்மாவுக்குத் தலை முழுக்க முள்ளு முள்ளாக முடி வந்திருந்தது. அவரே முன்னால் நின்று, "மேல தடவுனா வேருக்குப் போவாதுடி" என்று தங்கைக்கு விளக்கினார்.

தட்டை மேடத்தின் அறையிலேயே வைத்துப் பூட்டினோம். கதவில் அக்கா தன் கையாலேயே ஒரு அட்டை எழுதி ஒட்டினார், 'இதை யாரும் கழுவ வேண்டாம்'. கடுகு வந்தது, மிளகு வந்தது, நிறம் ஏறியது. கமிட்டியில் அதை நடு மேஜையில் வைத்துவிட்டு நான் பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை, மேடத்தின் தெத்துப்பல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அதிரசப் பொட்டலத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளுக்குப் புதுப் பூஞ்சையின் படத்தைக் காட்டினேன். அவள் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே போனை வாங்கினாள். பெரிசாக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டி ஏதோ கிசுகிசுத்தாள். பிறகு என் மனசு நோகக் கூடாதே என்கிற பதவிசோடு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது மிஸ்" என்றாள். "ஆனா என்னுது இத விட அழகா இருந்திச்சி."